நடுவட்டத்துப் பட்டையும் குன்னூர்த் தேநீரும்

2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கிய நாட்களில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வேகமாகப் பரவியது. வூகான் நகரில் புதிய தொற்றைப் பற்றி முதலில் எச்சரித்தவர்களில் ஒருவரான டாக்டர் லீ வென்லியாங், இறப்பதற்கு முன் அதற்கான மருந்தையும் கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தாராம். மெத்தில்சாந்தின், தியோபுரோமின், தியோஃபிலின் என்ற மூன்று பொருட்கள் வைரஸை அழித்துவிடுமாம். மூன்றும் சாதாரணத் தேநீரில் இருப்பதால் சீன மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நாளுக்கு மூன்று வேளை தேநீர் கொடுக்கிறார்களாம். ஊர் முழுக்கப் பயத்தில் உறைந்திருந்தபோது, அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் பொருளே மருந்து என்று சொன்னால் யாருக்குத்தான் ஆறுதலாக இருக்காது? நீலகிரிக்கு அது இரட்டை ஆறுதல். மலையின் சரிவுகளெல்லாம் தேயிலை. பச்சைத் தேயிலையின் விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளின் வீட்டுக் கணக்கே மாறிவிடும். உலகத்தைக் காக்கும் மருந்து நம் தோட்டத்தில்தான் விளைகிறது என்ற நினைப்பு இனிக்கத்தான் செய்யும்.

அந்தச் செய்தியில் உண்மை இருந்தது. பொய் அதில் சாய்ந்துகொண்டுதான் நின்றது. லீ வென்லியாங் உண்மையான மனிதர். 2019 டிசம்பர் 30 அன்று சக மருத்துவர்களை எச்சரித்தார், 2020 பிப்ரவரி 7-ல் அதே நோயால் இறந்தார். ஆனால் அவர் கண் மருத்துவர். தேநீரைப் பற்றி எந்த ஆய்வும் அவர் விட்டுச் செல்லவில்லை. தியோஃபிலினும் உண்மையான மருந்துதான், ஆஸ்துமாவுக்குத் தருவார்கள். ஆனால் ஒரு கோப்பைத் தேநீரில் இருக்கும் அளவு மருத்துவர் தரும் அளவுக்குப் பக்கத்தில்கூட வராது, ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் பொருள் வைரஸைக் கொல்லும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அதே ஆண்டில், இமாச்சலப் பிரதேசம் பாலம்பூரில் உள்ள அரசு உயிரியல் ஆய்வு நிறுவனம், தேயிலையின் 65 வேதிப்பொருட்களைக் கணினியில் சோதித்து, சில பொருட்கள் வைரஸின் புரதத்தோடு நன்றாகப் பொருந்துவதாகச் சொன்னது. நாளிதழ்களுக்கு அது மருந்துச் செய்தியாகிவிட்டது. கணினித் திரையில் ஒரு மூலக்கூறு பொருந்துவது ஆய்வின் முதல் படி. அங்கிருந்து மனித உடலில் நோயைத் தணிக்கும் இடம் வரை வந்து சேர்பவை நூற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை.

எனக்கு இங்கே முக்கியமாகத் தோன்றுவது ஒன்றுதான். எதிராளியின் பொய்யைச் சந்தேகிப்பது எளிது. நமக்கு லாபமான, நம் ஊரைப் பெருமைப்படுத்துகிற, நம் பாட்டி சொன்னதோடு ஒத்துப்போகிற பொய்யின்மீதும் அதே கேள்வியைத் திருப்புவதுதான் பகுத்தறிவுக்கு உண்மையான சோதனை. அந்தக் கேள்வி சிக்கலானது அல்ல. மருந்தைக் குடித்தவர்கள் என்ன ஆனார்கள், குடிக்காதவர்கள் என்ன ஆனார்கள், இருவரும் மற்றபடி ஒரே மாதிரியானவர்கள்தானா? பெருந்தொற்றுக் காலத்தில் தேநீர், கஷாயம், மாத்திரை, ரத்தப் பிளாஸ்மா என்று எதை எடுத்தாலும் இந்த ஒரே கேள்வியால் பெரும்பாலும் தரம் பிரித்துவிடலாம். இதை நீலகிரி வெளியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த மலையின் மரம் ஒன்று இந்தக் கேள்விக்கு உட்பட்டது.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் இருக்கிறது நடுவட்டம். 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிங்கோனாவை, ஊட்டி அரசுத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தெடுத்தார். தென் அமெரிக்காவில் காய்ச்சலுக்குக் கொடுத்துவந்த பட்டை அது. 1820-லேயே பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதிலிருந்து குயினைனைப் பிரித்துவிட்டார்கள். குயினைன் விலை அதிகம். பட்டையில் கூடவே இருக்கும் குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் ஆகியவற்றை மருத்துவர்கள் மட்டமானவை என்று ஒதுக்கிவந்தார்கள். ஏழைகளுக்கு மலிவாக மருந்து கிடைக்க வேண்டுமானால் அந்த மூன்றும் பயன்படுமா என்று தெரிந்தாக வேண்டும். சென்னை அரசு ஒரு குழுவை அமைத்தது. 1866 முதல் 1868 வரை ஆயிரக்கணக்கான மலேரியா நோயாளிகளுக்கு நான்கு உப்புகளும் தனித்தனியே கொடுக்கப்பட்டன. முறைக்காய்ச்சல் நின்றதா என்று ஒவ்வொருவரிடமும் பார்த்தார்கள், நிற்காதவர்களையும் எண்ணினார்கள். ஆயிரம் பேருக்குக் குயினைன் தோற்றது 7 பேரிடம், குயினிடின் 6 பேரிடம், சிங்கோனிடின் 10 பேரிடம், சிங்கோனின் 23 பேரிடம். ஒதுக்கப்பட்ட மூன்றும் ஏறக்குறைய குயினைன் அளவுக்கே வேலை செய்கின்றன என்று தெரிந்தது. இன்றைய அளவுகோலில் அந்த ஆய்வுக்குக் குறைகள் உண்டு. மருந்தே கொடுக்காத ஒரு குழு அதில் இல்லை. என்றாலும் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதும் தோல்விகளை மறைக்காமல் வெளியிட்டதும் அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம். உலகின் ஆரம்பகால மருந்துச் சோதனைகளில் ஒன்று என்று மருத்துவ வரலாறு அதைச் சொல்கிறது.

அதே குயினைன் 1918-ல் வேறொரு பாடத்தைத் தந்தது. அந்த ஆண்டு இன்ஃப்ளூயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கையில் இருந்த நம்பகமான காய்ச்சல் மருந்து குயினைன். தபால் நிலையங்களில்கூடப் பொட்டலமாக விற்கப்பட்ட அது, உலகம் முழுவதும் இன்ஃப்ளூயன்சாவுக்கும் அள்ளிக் கொடுக்கப்பட்டது. மலேரியாக் கிருமியைக் கொல்லும் மருந்து இன்ஃப்ளூயன்சாவை ஒன்றும் செய்யவில்லை. இன்ஃப்ளூயன்சா மனிதர்களுக்கு ஒரு வைரஸால் வருகிறது என்பதே 1933-ல்தான் நிரூபணமானது. கொடுத்தவர்கள் மோசடிக்காரர்கள் அல்லர், பெரும்பாலும் நேர்மையான மருத்துவர்கள். ஒரு நோய்க்கு உண்மை மருந்தாக இருந்தது, ஒப்பீடு இல்லாமல் இன்னொரு நோய்க்கு நீட்டப்பட்டபோது பொய் மருந்தாகிவிட்டது. ஆகவே ஒரு மருந்து மூலிகையா வேதிப்பொருளா, நாட்டு மருத்துவரா மேல்நாட்டு மருத்துவரா என்று பார்ப்பதால் மட்டும் எதுவும் தீர்ந்துவிடாது. எந்த நோய்க்கு, எந்த அளவில், யாரோடு ஒப்பிட்டு என்பதைக் கேட்டே ஆக வேண்டும்.

பொய் மருந்துகள் ஏன் இவ்வளவு நம்பும்படியாக இருக்கின்றன என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 1957-ல் உலகைச் சுற்றிய ஆசிய ஃப்ளூ, சிங்கப்பூரிலிருந்து வந்த ரஜூலா கப்பல் வழியாக மே மாதம் சென்னைக்குள் நுழைந்தது. அதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தது குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இந்திய அரசின் இன்ஃப்ளூயன்சா மையம். அந்த மையத்தின் ஐ.ஜி.கே. மேனன் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதிய கட்டுரைப்படி, 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் பதிவான நோயாளிகள் சுமார் 44.5 லட்சம் பேர், இறந்தவர்கள் 1,098 பேர். பத்தாயிரம் பேருக்கு இரண்டு மூன்று மரணம். பதிவாகாதவை இருந்திருக்கும், அது வேறு விஷயம். இப்போது ஒரு வைத்தியர் அந்த நாட்களில் வெறும் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பத்தாயிரம் பேரில் 9,997 பேர் குணமாகி அவரைக் கும்பிட்டிருப்பார்கள். கொரோனாவில் இறப்பு அதைவிட அதிகம். தமிழ்நாட்டில் தொற்று உறுதியான சுமார் 35 லட்சம் பேரில் ஏறக்குறைய 38,000 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. அப்படிப் பார்த்தாலும் நூற்றில் 99 பேர் பிழைத்தார்கள். மூச்சுத்திணறல் உள்ளவர்களை வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, லேசான தொற்று உள்ளவர்களையும் அறிகுறியே இல்லாதவர்களையும் மட்டும் சேர்த்துக்கொண்டால், எந்தக் கஷாயமும் நூற்றுக்கு நூறு வெற்றி என்று பலகை வைத்துக்கொள்ளலாம்.

2020 ஜூன் 23 அன்று ஹரித்துவாரில் பதஞ்சலி நிறுவனம் கொரோனில் என்ற மாத்திரையை வெளியிட்டு, ஏழு நாளில் நூறு சதவீதம் குணம் என்று அறிவித்தபோது நடந்தது இதுதான். அதற்கு ஆதாரமாகச் சொல்லப்பட்ட சோதனையில் சுமார் நூறு பேரே இருந்தார்கள், அவர்களும் லேசான தொற்றோ அறிகுறியற்ற தொற்றோ உள்ளவர்கள். மத்திய ஆயுஷ் அமைச்சகமே விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது. அதே பெயரைத் தொழிற்சாலைச் சுத்திகரிப்பில் பயன்படும் வேதிப்பொருளுக்கு 1993 முதல் பதிவு செய்து வைத்திருந்த சென்னை நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்தது. ஆகஸ்ட் 6-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.வி. கார்த்திகேயன், மக்களின் அச்சத்தை வைத்து லாபம் தேடுவதாகக் கண்டித்து, அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்ததோடு 10 லட்சம் ரூபாய் வழக்குச் செலவும் கட்டச் சொன்னார். மேல்முறையீட்டில் அந்தத் தடை நிறுத்திவைக்கப்பட்டது. 2024-ல் இந்திய மருத்துவச் சங்கத்தின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம் கடுமை காட்டிய பிறகுதான், தவறான விளம்பரங்களுக்காக நாளிதழ்களில் மன்னிப்பு அறிவிப்பு வந்தது. நான்கு ஆண்டுகள் ஆயிற்று. 1954-லிருந்தே மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. பொய் ஒரு நாளில் ஊர் சுற்றிவரும் காலத்தில் நான்கு ஆண்டு கழித்து வரும் தீர்ப்பு, அந்தப் பொய்யை நம்பியவர்களுக்கு எந்த வகையிலும் உதவாது.

இந்த ஒப்பீட்டுக் கேள்வியை நாட்டு வைத்தியத்திடம் மட்டும் கேட்பது ஓரவஞ்சனை என்று சிலர் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. கேள்வி ஒன்றாக இருந்தால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 2020-ல் நேர்மையான ஆய்வாளர்கள் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மலேரியா மருந்துகளின் வரிசையில் வந்தது. அமெரிக்க அதிபர் அதைக் கொண்டாடினார், நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) மார்ச் மாதமே மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பாகப் பரிந்துரைத்தது. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் 1,561 நோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டது, 3,155 பேருக்குக் கொடுக்கப்படவில்லை. 28 நாளில் மருந்து எடுத்தவர்களில் 27 சதவீதமும் எடுக்காதவர்களில் 25 சதவீதமும் இறந்தார்கள். மருந்தால் பயன் இல்லை. அதே ஆய்வு, விலை மலிந்த பழைய ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோனை வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்குக் கொடுத்தபோது மரணம் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்ததைக் கண்டது. பிளாஸ்மா சிகிச்சைக்காக இங்கே குடும்பங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு, பிளாஸ்மாவால் நோய் முற்றுவதோ மரணமோ குறையவில்லை என்று 2020 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து அது நீக்கப்பட்டது 2021 மே மாதம்தான். இரண்டாம் அலையில் ஒரு பயனும் இல்லாத பையைத் தேடி மக்கள் ஓடியதற்கு அந்த ஏழு மாதத் தாமதமும் ஒரு காரணம். வெள்ளைக் கோட்டுக்குள் இருந்தாலும் பொய் மருந்து பொய் மருந்துதான் என்று சொல்லத் துணியாதவரை, கஷாயக் கடைக்காரரைக் கேள்வி கேட்கும் தகுதி நமக்கு வராது.

விஞ்ஞானம் இன்று ஒன்று சொல்கிறது, நாளை மாற்றிக்கொள்கிறது, அதை எப்படி நம்புவது என்ற கேள்வியும் இங்கேயே எழும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மூன்று மாதத்தில் ரெக்கவரி ஆய்வில் கைவிடப்பட்டதையும் டெக்சாமெத்தசோன் ஏற்கப்பட்டதையும் வைத்துப் பாருங்கள். இரண்டையும் ஒரே ஆய்வு, ஒரே ஜூன் மாதத்தில், ஒரே முறையில் தீர்மானித்தது. மாறியது கருத்து, முறை அல்ல. தோற்றால் கைவிடுவேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் மருந்தை நம்பலாம். எந்த முடிவு வந்தாலும் வெற்றி என்றே அறிவிக்கும் மருந்தை நம்புவதற்கு வழியே இல்லை.

கபசுரக் குடிநீரையும் இந்த இடத்தில் வைத்துப் பேசுவதுதான் நியாயம். 15 மூலிகைகள் சேர்ந்த சித்த மருந்து அது. காய்ச்சலைப் பற்றிய தமிழ் மருத்துவத்தின் நீண்ட கவனிப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. அரசு அதை நோய் எதிர்ப்பாற்றலுக்கு என்று பரிந்துரைத்து தெருத் தெருவாக வழங்கியது. மூலிகை என்பதால் அதைத் தள்ளிவிட முடியாது. சீனத்தின் தூ யூயூ பழைய மருத்துவச் சுவடியிலிருந்து குறிப்பெடுத்து, மாசிப்பத்திரி இனச் செடி ஒன்றிலிருந்து மலேரியா மருந்தான ஆர்டிமிசினினை 1972-ல் பிரித்தெடுத்து, 2015-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அவர் சுவடியைப் படித்ததோடு நிற்கவில்லை. எலிகளிடமும் குரங்குகளிடமும் பிறகு மனிதர்களிடமும் சோதித்தார். நம்மிடம் கபசுரக் குடிநீர் லட்சக்கணக்கானோருக்குப் போய்ச் சேர்ந்தது. அதை வழங்கிய அளவோடு ஒப்பிட்டால் நடந்த ஆய்வுகள் மிகச் சிறியவை. ஒரு வார்டில் கொடுத்து, அதே மாதிரியான இன்னொரு வார்டில் பிறகு கொடுப்பதாக வைத்து, இரு இடங்களிலும் எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போனார்கள் என்று எண்ணியிருந்தால் போதும், சித்த மருத்துவத்துக்கு உலகம் மறுக்க முடியாத சான்று கிடைத்திருக்கும், அல்லது ஒரு பாரம் இறங்கியிருக்கும். 1866-ல் ஒரு குழு நாலு உப்புகளுக்குச் செய்ததை 2020-ல் ஒரு குடிநீருக்குச் செய்யாமல் விட்டது, தமிழ் மருத்துவத்தை மதித்ததாக ஆகாது.

சரி, குடித்துத்தான் பார்ப்போமே, கெடுதல் என்ன என்பார்கள். 2020 ஏப்ரலில் தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில், ஊமத்தங்காயின் முட்கள் கொரோனா வைரஸின் படத்தைப் போல இருப்பதால் அதுவே மருந்து என்று சொன்ன டிக்டாக் காணொளியை நம்பிச் சாறு குடித்தவர்கள் பத்துப் பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்த மாதம் சென்னையில், மருந்து தயாரிப்பில் அனுபவமுள்ள ஒருவரே, தான் கலந்த ரசாயனக் கரைசலைக் குடித்துப் பார்த்து உயிரிழந்தார். நஞ்சு இல்லாத மருந்தும் வேறு வழியில் கெடுக்கும். நீலகிரித் தோட்டங்களில் உள்ள தாயகம் திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு இன்னும் உறவுகள் உள்ள இலங்கையில், 2020 டிசம்பரில், காளியம்மன் அருளியதாகச் சொல்லித் தேனும் சாதிக்காயும் கலந்த பாணி ஒன்றைக் கேகாலைப் பகுதியில் ஒருவர் வழங்கினார். இடைவெளி விட்டு நிற்கச் சொன்ன காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் நெருக்கியடித்துத் திரண்டார்கள். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியே பகிரங்கமாக அதைக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்குத் தொற்று உறுதியாகி மருத்துவமனையில் சேர்ந்தார். தேன் யாரையும் கொல்லவில்லை. தேன் காக்கும் என்ற தைரியத்தில் முகக்கவசத்தைக் கழற்றியதிலும், மூச்சு வாங்கும்போது இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருந்ததிலும்தான் ஆபத்து.

பொய் மருந்தை நம்புவதற்கும் உண்மைத் தடுப்பூசியை அஞ்சுவதற்கும் பின்னால் உள்ள தவறு ஒன்றே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கைதான் தள்ளியது என்று எடுத்துக்கொள்வது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ல் சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி மக்களை அழைக்கவே பொது இடத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி மரணம். தமிழ்நாடே கலங்கியது, தடுப்பூசி மையங்களுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் தயங்கினார்கள். அந்தப் பயத்தை யாரும் பழிக்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் ஒவ்வொரு நாளும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள், அதில் மாரடைப்பின் பங்கு பெரியது. லட்சக்கணக்கானோருக்கு ஊசி போடும் மாதத்தில், ஊசிக்கு மறுநாள் மாரடைப்பு வருபவர்கள் சிலர் இருந்தே தீருவார்கள். ஊசி போட்டவர்களிடம் மாரடைப்பு வழக்கத்தைவிட அதிகமானதா என்பதுதான் கேள்வி. பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழு அவருடைய மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று அக்டோபரில் அறிக்கை தந்தது. ஆறு மாதம் கழித்து வந்த பதில், ஏப்ரலில் எழுந்த கேள்விக்கு எட்டவில்லை.

தடுப்பூசியால் தீங்கே வராது என்று சொல்வதும் பொய்தான். அதை மூடி மறைத்தால் பயம் கூடும். இந்த விஷயத்தில் குன்னூருக்குச் சொல்ல ஒரு வரலாறு இருக்கிறது. 1907-ல் பாஸ்டர் நிறுவனம் அங்கே தொடங்கும்வரை, தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்தவர்கள் இமயமலை அடிவாரத்துக் கசவுலிக்குப் போக வேண்டியிருந்தது. நாய்க்கடிக்கு வேர் கட்டுவது, மந்திரிப்பது, பச்சிலை அரைத்துக் கொடுப்பது எல்லாம் பலித்ததாகத் தோன்றுவதற்குக் காரணம் நாம் மேலே பார்த்த அதே கணக்கு. கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவை வெறிநாய்கள் அல்ல. பாஸ்டரின் ஊசியையும் எதிர்ப்பாளர்கள் இதே வாதத்தால் அடித்தார்கள், நாய்க்கு வெறி இருந்ததென்று என்ன நிச்சயம் என்று கேட்டார்கள். கேள்வி சரியானது என்பதால் பாரிஸ் நிறுவனம் அதற்கேற்பத் தன் பதிவேட்டை அமைத்துக்கொண்டது. நாய்க்கு வெறி இருந்தது ஆய்வகத்தில் உறுதியானவர்கள் ஒரு பட்டியல், கால்நடை மருத்துவர் சான்று தந்தவர்கள் ஒன்று, வெறும் சந்தேகம் உள்ளவர்கள் ஒன்று. முதல் பட்டியலில் உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கையே எதிர்ப்பாளர்களுக்குப் பதிலாயிற்று. பிறகு இந்தியாவில் ஆட்டு மூளையிலிருந்து செய்த செம்பிள் தடுப்பூசி வந்தது. தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்த ஊசிகள் எண்ணற்ற உயிர்களைக் காத்தன, மிகச் சிலருக்குப் பக்கவாதத்தையும் கொண்டுவந்தன. அதை எண்ணிப் பதிவு செய்தவர்கள் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் அல்லர், அதே துறையின் மருத்துவர்கள். அந்தக் கணக்கால்தான் பாதுகாப்பான திசு வளர்ப்புத் தடுப்பூசி வந்தது, 2004-ன் இறுதியில் பழையது இந்தியாவில் கைவிடப்பட்டது.

பொய்யை எதிர்ப்பவர்கள் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. பொய்யை விற்பவரையும் பயத்தில் அதை வாங்குபவரையும் ஒரே தொனியில் பேசுவது. 2021 மே, ஜூன் மாதங்களில் நீலகிரியின் பழங்குடிக் கிராமங்களில் ஊசி போட்டால் செத்துவிடுவோம், பிள்ளை பிறக்காது என்ற வதந்திகள் பரவின. சுகாதாரப் பணியாளர்களைக் கண்டதும் காட்டுக்குள் ஒதுங்கியவர்கள் உண்டு. அரசு ஜீப் வந்தாலே வேலிபோடவும் வெளியேற்றவும்தான் என்று தலைமுறையாகப் பார்த்தவர்களுக்கு, அதே ஜீப்பில் வரும் ஊசியை நம்ப என்ன காரணம் இருந்தது? அவர்களுடைய அவநம்பிக்கைக்கு அனுபவத்தின் ஆதாரம் இருந்தது. அதை உடைத்தது கேலி அல்ல. அவரவர் மொழியில் பேசியவர்களும், அதே சமூகத்திலிருந்து வந்த பணியாளர்களும், கூடலூரில் ஆதிவாசிகளுக்காகப் பல்லாண்டுகளாக இயங்கிவரும் அஸ்வினி மருத்துவமனை போன்றவற்றின் மீது இருந்த பழைய நம்பிக்கையும்தான். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களிலும் 18 வயது கடந்த ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் தவணை போடப்பட்டதாக ஜூன் இறுதிவாக்கில் மாவட்ட ஆட்சியர் இன்னசென்ட் திவ்யாவின் நிர்வாகம் அறிவித்தது. நகரங்களில் படித்தவர்கள் தயங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

ஊரடங்கின் முதல் வாரங்களிலேயே நாட்டின் விஞ்ஞானிகள் பலர் தாமாகச் சேர்ந்து, வதந்திகளுக்குப் பல மொழிகளில் பதில் எழுதத் தொடங்கினார்கள். 1980-லிருந்து இயங்கும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும், யூடர்ன் போன்ற தமிழ்ச் செய்திச் சரிபார்ப்பாளர்களும் நாள்தோறும் உழைத்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை, அல்லது குறைவு. பொய்க்கு விளம்பரப் பணம் இருந்தது. அந்தச் சமமின்மையைத் தன்னார்வலர்களின் உழைப்பு மட்டும் சரிக்கட்டாது. ஒவ்வொரு மாவட்டத்திலும், ஒரு மருந்துச் செய்தி பரவும் அதே நாளில், அதற்கு உள்ளூர்ப் பேச்சில் பதில் சொல்ல ஒருவருக்குப் பொறுப்பும் அதிகாரமும் அரசு தர வேண்டும். தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தின் கம்பவுண்டரும் கிராமச் செவிலியரும் அந்தப் பதிலைப் படித்திருக்க வேண்டும். பொது நிறுவனங்களை நாமே பலவீனப்படுத்தாமலும் இருக்க வேண்டும். 2008-ல் குன்னூர் உட்பட மூன்று அரசுத் தடுப்பூசி நிறுவனங்களின் உற்பத்தி உரிமம் நிறுத்தப்பட்டு, 2010-ல்தான் திரும்பக் கிடைத்தது. நம்பிக்கை ஒரு முறை அறுந்தால் வதந்திக்கு இடம் தானாக வரும்.

பெருந்தொற்று ஓய்ந்த பிறகு பொய் மருந்தும் ஓய்ந்துவிடவில்லை. 2024-ல் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின, 43 பேர் ரேபிஸால் இறந்தார்கள். அறிகுறி தோன்றிவிட்டால் ரேபிஸிலிருந்து மீள்வது ஏறக்குறைய இல்லை. உரிய நேரத்தில் போட்டால் ஊசி ஏறக்குறைய எப்போதும் காக்கும். ஆகவே காயத்தில் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் தடவி, மந்திரித்துக் கயிறு கட்டி இழக்கும் ஒவ்வொரு நாளும் ஓர் உயிரின் விலை. நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே ஊசிக்குக் காசு இல்லை. கடியில் தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புச் சீரமும் தேவை, அது இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். எத்தனை நாளில் எத்தனை ஊசி என்று எழுதித் தருவார்கள், ஒன்றையும் தவறவிடக் கூடாது.